விதான சௌதாவின் படிகள்

மைசூர் முதல்வர் கெங்கல் ஹனுமந்தையா ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு குழுவுக்குப் பெங்களூரைச் சுற்றிக் காட்டினாராம். எல்லாமே ஐரோப்பியக் கட்டடங்களாக இருக்கின்றனவே, உங்களுடையது என்று எதுவும் இல்லையா என்று அவர்கள் கேட்டது அவரைத் தைத்துவிட்டது. அவரே சொன்னதாக வழங்கும் கதை இது. கேள்வியில் நியாயம் இருந்தது. சட்டமன்றத்துக்காகத் தேர்ந்த இடத்துக்கு எதிரிலேயே, 1868இல் முடிந்த அட்டாரா கச்சேரி ஐரோப்பியத் தூண்களோடு சிவப்பாக நின்றது. பதினெட்டு இலாக்காக்களை ஒரே கூரைக்குள் கொண்டுவந்த ஆங்கிலேய நிர்வாகத்தின் முகம் அது. இன்று உயர் நீதிமன்றம்.

1951 ஜூலை 13இல் அந்தச் சட்டமன்றமான விதான சௌதாவுக்கு நேரு அடிக்கல் நாட்டியபோது திட்டம் எளிமையானது. மறு ஆண்டு பதவிக்கு வந்த ஹனுமந்தையா அதை ஒதுக்கிவிட்டு, கட்டடக் கலைஞர் பி.ஆர்.மாணிக்கத்தைக் கொண்டு 700 அடி நீளத்தில் கருங்கல் மாளிகை எழுப்பினார். செலவு பற்றிய குற்றச்சாட்டு அவரைத் துரத்தியது. கட்டடம் முடிந்த 1956இலேயே பதவியும் போனது.

அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். உள்ளூர்க் கல்லும், கோயில் வேலையில் ஊறிய சிற்பிகளின் உளியும் ஓர் அரசு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களில் சிதறியிருந்த கன்னடப் பகுதிகள் அதே 1956 நவம்பரில் மைசூரோடு இணைந்தபோது, புதிய மாநிலத்துக்கு ஒரு முகம் தயாராக இருந்தது. சென்னையில் கும்பினி கட்டிய கோட்டைக்குள் இன்னும் சட்டமன்றம் நடத்தும் நாம் இதைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் திராவிடக் கட்டடக்கலை என்ற பாராட்டை அப்படியே ஏற்கவும் முடியவில்லை. தூண்களிலும் கொடுங்கைகளிலும் கோயில் தெரிகிறது. நடுவே எழும் பெரிய குவிமாடமும், இருபுறமும் அளவு பிசகாமல் நீளும் சிறகுகளும் எந்தக் கோயிலில் உண்டு? எதிரே நிற்கும் அட்டாரா கச்சேரியின் ஆட்சியை மறுக்க வந்த கட்டடம், குடிமகனை அண்ணாந்து பார்க்கவைக்கும் அதன் தோரணையை மட்டும் வைத்துக்கொண்டது. முகப்பில் பொறித்த ‘அரசுப் பணி கடவுள் பணி’ என்ற வாசகம் ஊழியருக்குச் சொன்ன புத்திமதிதான். மனுவோடு கீழே நிற்பவருக்கோ, உள்ளே இருப்பது தெய்வம் என்றே படும்.

பிற்காலத்தவர் எடுத்துக்கொண்டது இந்தத் தோரணையைத்தான். பக்கத்திலேயே 2005இல் அதே சாயலில் விகாச சௌதா வந்தது. மகாராஷ்டிரம் உரிமை கோரும் பெலகாவியில் 2012இல் சுவர்ண விதான சௌதா எழுந்தது. ஆண்டில் பெரும்பகுதி அங்கே கூட்டம் இல்லை. எல்லைக் கல்லாக நிற்பதே அதன் முதல் வேலை. இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1982இல் கோட்டேயில் முடித்த நாடாளுமன்றம், பழைய கூரை வடிவத்தை விதான சௌதாவைவிட அடக்கமாகக் கையாள்கிறது. அதுவும் ஏரி நடுவே, மக்களை விட்டு விலகித்தான் இருக்கிறது.

விதான சௌதாவின் முகப்பில் 45 படிகள், ஒரு பெருங்கூட்டமே ஏறும் அகலத்தில். பதவியேற்புக்கும் பாராட்டு விழாவுக்கும் அவை பயன்படுகின்றன. மற்ற நாளில் பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். இதைக் கட்டிய ஆயிரக்கணக்கானோரில் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். வேலை முடிந்ததும் விடுதலை பெற்றார்கள். இன்று அரசை எதிர்த்து முழக்கமிட வருபவர்களைக் காவல்துறை அனுப்பும் இடம் சுதந்திரப் பூங்கா. அது பழைய மத்தியச் சிறை.