காலமும் மாற்றுத்திறனும்: ஜான் சுவின்டன் நூலும் மேரி வர்கீஸ் வாழ்வும்

ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜான் சுவின்டன் 2016-இல் வெளியிட்ட ‘பிகமிங் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் டைம்’ (காலத்தின் நண்பர்களாதல்) என்னும் ஆங்கில நூல், காலத்தையும் மாற்றுத்திறனையும் கிறிஸ்தவ நோக்கில் இணைத்து ஆராய்கிறது. ஆசிரியர் இறையியலுக்கு வருமுன் செவிலியராகப் பணியாற்றியவர்.

நூலின் மையக் கருத்து

இன்றைய சமூகம் மனிதரின் நேரத்தை வேகத்தாலும் உற்பத்தியாலும் அளக்கிறது. அவ்வாறு அளந்தால் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும் மறதிநோய் கண்டவர்களும் பின்தங்கியவர்களாகவே தெரிவர். இந்த அளவுகோலே பிழையானது என்பது சுவின்டனின் வாதம். காலம் கடவுளின் கொடை. மெதுவாக வாழ்பவருக்கும் அழைப்பு உண்டு. கடவுளின் அன்பு மனிதர் நடக்கும் வேகமான மணிக்கு மூன்று மைல் வேகத்தில் செல்வது என்ற ஜப்பானிய இறையியலாளர் கோசுகே கொயாமாவின் கருத்தையும் அவர் எடுத்தாள்கிறார்.

வேலூர்ச் சான்று

இக்கருத்தை உரசிப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு வாழ்வு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் (1925–1986), 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இரு கால்களும் செயலிழந்தார். பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மதிப்பீடு

சுவின்டனின் நூலில் ஓர் ஆபத்து உண்டு. மெதுவான வாழ்வைப் போற்றும்போது, கட்டாயக் காத்திருப்பையும் புண்ணியமாகக் கருதிவிடக்கூடும். யோவான் நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் 38 ஆண்டுகள் நோயுற்றிருந்த மனிதரின் குறை, தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதே. மேரிக்கு ஆள் இருந்தது, சக்கர நாற்காலி இருந்தது, பயிற்சியும் கிடைத்தது. அவை இல்லாதவரிடம் பொறுமையை மட்டும் போதிப்பது அநீதி.

மறுபுறம், மேரியின் வாழ்வைச் சாதனைக் கதையாக மட்டும் சொல்வதும் குறையுடையது. அறுவைக்கத்தி பிடிக்கவோ நிலையம் கட்டவோ ஒருநாளும் இயலாதவரின் நாள்களுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்விக்குச் சுவின்டன் தரும் விடையே வலுவானது: செய்யும் வேலையைப் பொறுத்து ஒருவரின் காலம் மதிப்புப் பெறுவதில்லை.

ஆகவே இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆலய வாசலில் சாய்தளம் அமைப்பது திருச்சபையின் கடமை. பேசச் சற்று அதிக நேரம் எடுப்பவர் சொல்லி முடிக்கும்வரை உடன் அமர்ந்து கேட்பதும் அதே கடமையின் பகுதி.