ஒன்றரை அடிச் சுறா குட்டியா, தாயா?

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. வீட்டில் அம்மா சுறாப்புட்டு ஆரம்பித்துவிட்டார்கள். (அதனால் பால் ஊறுமா என்பது இந்தப் பதிவின் விஷயம் இல்லை, அம்மாவிடம் அதைக் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.) திருவாண்டார்கோயில் கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் போல உள்ளே இருக்கிற ஊர். வண்டியில் வரும் மீன்காரம்மாதான் எங்களுக்குக் கடல்.

போன வாரம் அவங்க கூடையில் மூன்று சுறா இருந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒன்றரை அடி. "எல்லாம் பால்சுறாதான் தம்பி, பிள்ளை பெத்தவளுக்கு நல்லது" என்றார்கள். ஒன்றுக்கு மூக்கு மண்வெட்டி மாதிரி தட்டை. இன்னொன்றுக்குக் கூர்மூக்கு, வாயோரத்தில் நீளமான மடிப்பு. மூன்றாவதுக்குச் சுத்தியல் தலை, சந்தேகமே இல்லாமல் கொம்பன்.

நான் மீன் விஞ்ஞானி இல்லை. படங்களை வைத்துப் பார்த்ததில் முதலாவது ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ். பிறக்கும்போது ஒரு சாண்கூட இருக்காது, 35 செ.மீ. வாக்கில் பெண் பருவத்துக்கு வந்துவிடும். ஆக கூடையில் இருந்தது வளர்ந்த பெண், ஒருவேளை பல ஈற்று கண்ட தாய். இரண்டாவது ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ். பிறக்கும்போதே 25 முதல் 39 செ.மீ., பருவத்துக்கு வர 70 செ.மீ. தாண்ட வேண்டும். அது இளசு. மூன்றாவது ஸ்பைர்னா லெவினி. பிறப்பதே 42 முதல் 55 செ.மீ.யில். பெண் முதிர 2 மீட்டருக்கு மேல் வளர வேண்டும். அதாவது பிறந்து சில நாளோ வாரமோ ஆன சிசு. நீளம் ஒன்று, விலை ஒன்று, பெயரும் ஒன்று. வாழ்க்கை மட்டும் மூன்று.

இதை வைத்துத்தான் மீன்வளக் கட்டுரைகளில் அடிக்கடி படிக்கும் ஒரு யோசனையோடு எனக்குச் சண்டை: "ஒரு தடவையாவது இனப்பெருக்கம் செய்யட்டும், அப்புறம் பிடி." இதைத் தெளிவாகச் சொன்னவர் ரெய்னர் ஃப்ரோஸ். 2004இல் எழுதிய கட்டுரையில் மூன்று எளிய அளவுகோல் வைத்தார்: முட்டையிட விடு, வளர விடு, பெரிய தாய்களை விட்டுவை. நல்ல கட்டுரைதான். ஆனால் நடைமுறைக்கு வரும்போது மூன்றாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். "குறைந்தபட்ச நீளம்" என்று ஒரு எண், அதற்கு மேல் எல்லாம் பிடிக்கலாம். ஆயிரக்கணக்கில் முட்டை போடும் மத்திக்கும் காணாங்கெளுத்திக்கும் இது ஓரளவு சரி. அக்யூட்டஸ் கிட்டத்தட்ட ஒரு வருடம் சுமந்து பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிதான் போடும். அதற்கு "ஒரு தடவை" போதுமா?

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் இன்னும் இடிக்கிறது. ஆண் சுறாவில் சோதனை சுலபம்: அடித்துடுப்போடு விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கிளாஸ்பர்களும் சுண்ணம் ஏறி விறைத்திருந்தால் முதிர்ந்தது, வளைந்தால் இல்லை. பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்து முட்டைப்பை, கருப்பை எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு, எந்த நீளத்தில் பாதி பெண்கள் முதிர்ந்திருக்கிறதோ அதுதான் "முதிர்ச்சி நீளம்". கவனியுங்கள், பாதிதான். முதிர்ந்த பாதியும் அந்த வருடமே குட்டி போடும் என்று இல்லை. நம்ம கரையில் நிறையப் பிடிபடும் கருந்துடுப்புச் சுறா கார்க்காரைனஸ் லிம்பாட்டஸ், பல கடல்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஈனும். அப்படியானால் அந்த நீளத்தில் குட்டி போடுவது நூற்றுக்கு இருபத்தைந்து பெண்கள்கூட இருக்காது. ஆஸ்திரேலியாவின் டெரன்ஸ் வாக்கர் இதனால்தான் முதிர்ச்சியையும் தாய்மையையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று வாதிட்டார். நம்ம கட்டுரைகள் பல முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றன. குட்டி எண்ணிக்கையிலும் ஒரு ஓட்டை உண்டு: வலையில் மாட்டிய தாய்ச் சுறா பதற்றத்தில் குட்டிகளை வெளியே தள்ளிவிடும். கரைக்கு வந்த வயிற்றில் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும்.

சரி, நீளம் வேண்டாம், தடைக்காலம் போதாதா? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஒரு வருடம் சுமப்பதற்கும் வருடம் முழுக்க ஈனும் ஸ்கோலியோடானுக்கும் அந்த 61 நாளை எங்கே பொருத்துவது? தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. சுறாவுக்கு அது பதில் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் கம்மி சுறாவுக்கு நேர் எதிரான வழி: வலைக்கண்ணை ஆறு, ஆறரை அங்குலத்துக்குள் வைத்து நடுத்தர அளவை மட்டும் பிடிப்பது. பெரிய தாய்கள் வலையில் சிக்குவதில்லை, சிசுக்கள் கண் வழியாகப் போய்விடும். அங்கே அது பல பத்தாண்டாக ஓடுகிறது. இங்கே அப்படியே நகலெடுக்க முடியாது. அவர்கள் குறி வைப்பது ஒரு இனம், நம்ம இழுவலையில் வருவது எல்லாம். அந்த வலையில் வரும் சுறா பெரும்பாலும் படகில் ஏறும்போதே செத்திருக்கும், "சின்னது, திருப்பி விடு" என்பதற்கு அர்த்தமே இல்லை. அதனால் என் பார்வையில், கொம்பன் குட்டி போடும் கரையோர இடங்களை அந்த மாதங்களில் விட்டுவைப்பது எந்த அளவு அட்டவணையையும் விட உதவும். அதற்கு முதலில் இறங்குதுறையில் "பால்சுறா" என்று ஒரே வரியில் எழுதுவதை நிறுத்தி, எந்த இனம், ஆணா பெண்ணா என்று எழுத வேண்டும்.

அன்றைக்கு நான் தட்டைமூக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். கொம்பனை வேண்டாம் என்றதும் மீன்காரம்மா, "அதுதான் தம்பி இளசு, புட்டுக்குப் பூவா உதிரும்" என்றார்கள். வீட்டில் வெட்டும்போது உள்ளே ஏழு குட்டி, ஒவ்வொன்றும் விரல் நீளம். தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா தனியாக எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் போட்டு வேகவைத்தார்கள்.