எரித்த நூலும் எஞ்சிய ஏழு கட்டுரைகளும்

நடிகை ஒருவர் எழுதிய நூல் என்றதும் நம்மில் பலருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. எழுதியவர் அவர்தாமா, வேறெவரேனும் எழுதிக் கொடுத்ததா? மங்கிப்போன புகழை மீண்டும் துலக்கும் முயற்சியா? அமெரிக்க நடிகை லூயிஸ் புரூக்ஸ் எழுதி, 1982-இல் நாஃப் பதிப்பகம் வெளியிட்ட ‘ஹாலிவுட்டில் லூலூ’ என்னும் தொகுப்பை இந்த ஐயத்தோடு கையில் எடுப்பவர், சில பக்கங்களிலேயே அதை மறந்துவிடுவார். ஏழே கட்டுரைகள், வீண் சொல் ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. ஆயினும் இந்நூலில் இல்லாத ஒன்றுதான் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. தம் வாழ்க்கை வரலாற்றை முழுமையாக எழுத அவர் மறுத்துவிட்டார்.

கான்சஸ் மாநிலத்துச் செரிவேல் என்னும் சிற்றூரில் 1906 நவம்பர் 14 அன்று பிறந்தவர் புரூக்ஸ். தந்தை வழக்கறிஞர், தாய் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். பதினைந்து வயதில், 1922-இல், நடனம் பயில நியூயார்க் சென்றார். அவர் சேர்ந்த டெனிஷான் குழுவில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மார்த்தா கிரகாமும் ஆடிவந்தார். ஒழுங்குக்கு அடங்காதவர் என்று 1924-இல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட புரூக்ஸ், சீக்ஃபெல்டு மேடைக்கும், அங்கிருந்து 1925-இல் பாரமவுண்ட் படநிறுவனத்துக்கும் சென்றார். நெற்றியை மறைத்துத் தலைக்கவசம்போல் வெட்டிய அவரது கருங்கூந்தலை நாடெங்கும் இளம்பெண்கள் பின்பற்றினர்.

1928-இல் பேசும்படம் தலைதூக்கியது. அந்தச் சாக்கில் நடிகர்களின் ஊதியத்தைக் கட்டுப்படுத்த முதலாளிகள் முனைந்தனர். புரூக்ஸுக்கு முறைப்படி வரவேண்டிய ஊதிய உயர்வு மறுக்கப்பட்டது. வாரம் 750 டாலருக்கு இருப்பதென்றால் இரு, இல்லையேல் போ என்றார் நிறுவனத் தலைவர். அவர் போய்விட்டார். ஜெர்மானிய இயக்குநர் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் அதற்கு முன்பே அவரைக் கேட்டு எழுதியிருந்தார். இவ்வாறுதான் 1929-இல் வெளியான ‘பண்டோராவின் பெட்டி’ என்னும் ஊமைப்படத்தில் லூலூ என்ற பாத்திரம் அவரை வந்தடைந்தது.

தன்னை நாடி வருவோரையெல்லாம் அழித்துத் தானும் அழியும் பெண் லூலூ. இலண்டன் மாநகரில், கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய இரவில், இரட்சணிய சேனையார் தெருவில் நடமாடும் வேளையில், அவள் கொலையுண்டு மடிகிறாள். இக்காட்சி படமான விதத்தைப் புரூக்ஸ் விவரிக்கும் பக்கங்கள் நூலின் சிகரம் என்போம். அவருக்கு மிகவும் பிடித்தமான சொந்த உடையைப் பாப்ஸ்ட் எடுத்துச் சென்று, கிழித்து, எண்ணெயும் அழுக்கும் பூசச் செய்து, அதையே அணியச் சொன்னார். நடிகை அழுதார். அழுத அந்தப் பெண்ணைத்தான் இயக்குநர் படம்பிடிக்க விரும்பினார். நடிப்புக் கலையைப் பற்றிப் பெருநூல்கள் கூறுவதைவிட அதிகமாக இந்த ஓர் உடையின் கதை கூறிவிடுகிறது. கலைக்காக ஓர் உயிரை இவ்வாறு வருத்தலாமா என்று நாம் கேட்கலாம். புரூக்ஸ் கேட்கவில்லை, பாப்ஸ்டைப் போற்றவே செய்கிறார். அவரது வாழ்வும் லூலூவின் வாழ்வைப் போன்றே முடியும் என்று பாப்ஸ்ட் எச்சரித்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறார்.

எச்சரிக்கை பாதி பலித்தது. ஊமைப்படமாக முன்பே எடுத்த படமொன்றுக்குக் குரல் சேர்க்கப் பாரமவுண்ட் அழைத்தபோது அவர் மறுத்தார். வேறொரு நடிகையின் குரலைச் சேர்த்த நிறுவனம், புரூக்ஸின் குரல் பேசும்படத்துக்கு உதவாது என்ற பேச்சைப் பரப்பிவிட்டது. 1938-இல் கடைசிப் படம். பின்பு ஊர் திரும்பி நடனப்பள்ளி நடத்தித் தோற்றார். நியூயார்க்கில் பெருங்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக நின்றார். மதுவும் வறுமையும் சேர்ந்துகொண்டன. செல்வந்தர் சிலரின் தயவில் வாழும் நிலையும் வந்தது. அந்நாள்களில்தான் தன்வரலாறு ஒன்றை எழுதி, அதைத் தாமே குப்பை எரிக்கும் அடுப்பில் போட்டுவிட்டார்.

மீட்சி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இல்லத்தில் பழைய திரைப்படங்களைப் பாதுகாத்துவந்த ஜேம்ஸ் கார்டு, 1956-இல் அவரை அந்நகருக்கு வரவழைத்தார். தாம் நடித்த காலத்தில் பொருட்படுத்தாத படங்களை அவர் அங்கே அமர்ந்து பார்த்தார்; நூலகத்து நூல்களைப் படித்தார்; எழுதத் தொடங்கினார். இலண்டனின் ‘சைட் அண்டு சவுண்டு’ முதலிய இதழ்கள் அவற்றை வெளியிட்டன. ஐம்பது வயதில் பிறந்த எழுத்தாளர் அவர்!

தொகுப்பில் எல்லாம் ஒரே தரம் என்று நாம் கூறமாட்டோம். கிஷ், கார்போ என்னும் இரு பெரும் நடிகையரைப் பற்றிய கட்டுரையில், கிஷ்ஷின் வீழ்ச்சி முழுவதையும் முதலாளிகளின் சூழ்ச்சியாகவே அவர் காண்கிறார். மக்களின் சுவை மாறியதற்கு அதில் போதிய இடமில்லை. சொந்தக் காயம் அங்கே பேசுகிறது. போகார்ட்டைப் பற்றிய கட்டுரை அதினும் நுட்பமானது. நல்ல குடும்பத்தில் வளர்ந்த மென்மையான நாடக நடிகர், முரட்டு வீரர் என்னும் முகமூடிக்குள் புகுந்து கடைசியில் அதிலேயே வாழ நேர்ந்ததை, இளமையில் அவரை அறிந்திருந்தவரின் கண்ணால் காட்டுகிறார். 1950-இல் வெளிவந்த ‘தனிமையான ஓரிடத்தில்’ என்ற படத்திலேயே உண்மையான போகார்ட் தெரிகிறார் என்பது அவரது துணிபு. படத்தைப் பார்த்தோர் மறுக்க இயலாது.

நம் உள்ளத்தைத் தொட்டது பெப்பி லெடரர் என்ற பெண்ணைப் பற்றியதே. நடிகை மரியன் டேவிசின் அண்ணன் அல்லது அக்காள் வழி மகள், செய்தித்தாள் அதிபர் ஹெர்ஸ்ட்டின் சான் சிமியோன் மாளிகையில் வளைய வந்தவள், சிரிக்க வைப்பவள், தனக்கென்று ஏதுமில்லாதவள். போதைப் பழக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில நாள்களில், 1935-இல், சாளரத்தின் வழியே குதித்து இறந்தாள். வயது 25. திரையுலக வரலாற்றில் அவளுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படாதிருந்தது. புரூக்ஸ் ஒரு கட்டுரையையே ஒதுக்கினார். மற்ற இடங்களில் கத்திபோல் வெட்டும் அவரது நடை, இங்கே பரிவில் நனைந்திருக்கிறது. பிறருக்கும் தமக்கும் அவர் தர மறுத்த இரக்கத்தை, இறந்துபோன இந்தத் தோழிக்கு மட்டும் தந்திருக்கிறார்.

அப்படியானால் தம்மைப் பற்றி ஏன் எழுதவில்லை? அதற்கான விடையை 1970களில் ஒரு சிறு கட்டுரையாகவே தந்தார். ஒருவரின் காதலையும் பகையையும் உடல்சார்ந்த போராட்டங்களையும் அறியாமல் அவரது வாழ்வை அறிய முடியாது. அவற்றை எழுதத் தமக்கு மனமில்லை. எனவே தன்வரலாறும் இல்லை என்பது அவர் வாதம். ஒன்பது வயதில் அண்டை வீட்டார் ஒருவர் தமக்கு இழைத்த கொடுமையையும், அதை அறிந்த தாய் மகளையே குறை கூறியதையும் பிற்காலத்தில் அவர் வெளிப்படுத்தியதை நினைவில் கொண்டால், இம்மௌனத்தின் ஆழம் நமக்கு ஓரளவு விளங்கும்.

அவர் 1953-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். பின்னாளில் விலகிப்போனார். ஆதலால் அவரை நம்மவர் என்று சொந்தம் கொண்டாட நாம் முனையவில்லை. ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த வாசகர்களுக்கு அவரது மறுப்பு அந்நியமாகத் தோன்றாது. குருவின் செவியோடு நின்றுவிடும் சொற்கள் வேறு. அச்சேறி அங்காடிக்கு வரும் சொற்கள் வேறு. புனித அகுஸ்தினார் தம் இளமைப் பாவங்களை எழுதினாரே என்று கேட்கலாம். அவர் இறைவனிடம் பேசுகிறார். நாம் அருகிலிருந்து கேட்கிறோம். புரூக்ஸுக்கு அவ்வாறு கேட்பவர் எவருமில்லை. வாசகரிடம் மட்டும் தம்மை ஒப்படைக்க அவர் உடன்படவில்லை. அரைகுறை உண்மையை விற்றுப் பணம் ஈட்டும் நட்சத்திர வரலாறுகளின் நடுவே, இம்மறுப்பை நேர்மை என்றே மதிக்கிறோம். எரித்த பிரதிக்காக வருந்துவோர் வருந்தட்டும்.

1985 ஆகஸ்டு 8 அன்று ராச்செஸ்டரில் இறந்த அவர், அந்நகரின் திருக்கல்லறை என்னும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் சொல்லாமல் விட்டவற்றில் பலவற்றைப் பாரி பாரிஸ் என்பவர் 1989-இல் வெளியான விரிவான வாழ்க்கை வரலாற்றில் தேடித் தந்துள்ளார். அதையும் படிக்கலாம், ஆனால் ஏழு கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு, அவற்றிலும் பெப்பியிலிருந்து தொடங்கி.