திகில் புனைவு

திகில் புனைவு என்பது, வாசகரிடம் எழுப்பும் உணர்ச்சியாலேயே பெயர்பெற்ற இலக்கிய வகையாகும். ஆங்கில நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், 1826-இல் வெளிவந்த கட்டுரையில் அச்சத்தையும் திகிலையும் வேறுபடுத்தினார். அச்சம் மனத்தை விரித்து விழிப்பூட்டும். திகில் அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்பது அவர் கருத்து. அமெரிக்க மெய்யியலாளர் நோயல் கரோல், 1990-இல் வெளியிட்ட நூலில், கோர உருவம் ஒன்றின்மீது எழும் அச்சமும் அருவருப்பும் கலந்ததே கலைசார்ந்த திகில் என வரையறுத்தார்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய ‘குரங்குப் பாதம்’ (1902) என்ற சிறுகதை இவ்வரையறைக்கு நல்ல சோதனை. எந்திரத்தில் சிக்கி இறந்த மகன் உயிருடன் வரவேண்டுமென, மனைவியின் வற்புறுத்தலால் தந்தை மந்திரப் பாதத்திடம் வரம் கேட்கிறார். இரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளை நீக்க ஓடுகிறாள். தந்தை கடைசி வரத்தைக் கேட்கிறார். கதவு திறக்கும்போது வெளியே வெறிச்சோடிய சாலை மட்டுமே.

கோர உருவம் கதையில் தோன்றவே இல்லை. ஆனால் சிதைந்த உடலைத் தந்தை முன்பே பார்த்திருக்கிறார். அதனால் அதே தட்டல் ஒலி தாய்க்கு நம்பிக்கையாகவும் அவருக்குத் திகிலாகவும் கேட்கிறது. கரோல் சொன்ன இரு உணர்வுகளும் இங்கே உண்டு. அவற்றை எழுப்புவது காணும் உருவமன்று, அறிந்த செய்தி. அன்புக்குரியவரே அஞ்சத்தக்கவராக மாறுவதுதான் இக்கதையின் திகில்.