பெரும்பாலும் பேசும் மொழி

நம்மூர்த் தமிழ்ச் சிறுகதைகளில் அடிக்கடி ஒரு பையன் வருவான். உயர்நிலை மூன்று படிப்பான். பள்ளி விட்டு வந்து பையை வீசிவிட்டு, "அம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது" என்பான். யீஷூனிலோ உட்லண்ட்ஸிலோ அப்படி ஒருத்தனை நான் பார்த்ததில்லை. அதே கதையில் ஆங்கிலம் பேசுகிற ஆள் வந்தால் கொண்டோவில் குடியிருப்பார், பாட்டியை மறந்திருப்பார், கடைசிப் பத்தியில் அழுவார்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். 2010இல் அது 32.3. இந்தியர்களிடையே 41.6 என்பது 59.2 ஆகியிருக்கிறது. பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கும் நாட்டில், இத்தனை பேருக்கு எழுத்தாளர்கள் எங்கிருந்து கொண்டோ வாங்கிக் கொடுப்பார்கள்?

இந்த 59.2ஐ மேடைகளில் ஒப்பாரியாகக் கேட்டிருப்பீர்கள். அதில் மலையாளிகளும் பஞ்சாபிகளும் சேர்ந்தே இருப்பதை யாரும் சொல்வதில்லை. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: ஆங்கிலத்தை முதன்மையாகப் பேசுவோரில், எல்லா இனத்தையும் சேர்த்து, சுமார் 87 விழுக்காட்டினர் வீட்டில் ஒரு தாய்மொழியும் பேசுகிறார்கள். அந்த வரி மேடைக்கு வருவதே இல்லை.

எங்க வீட்டையே எடுத்துக்கறேன். தங்கச்சியும் நானும் ஆங்கிலம். அப்பா பாட்டிகிட்ட தமிழ், எங்ககிட்ட "டுமாரோ பாட்டிக்கு அப்பாயின்ட்மென்ட், யூ ஃபெட்ச் லா." இதுவும் பள்ளியில் மதிப்பெண் வாங்கித் தரும் ஆங்கிலம் இல்லை. 2000இல் அரசாங்கம் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் தொடங்கியதே இப்படிப் பேசுகிறவர்களை நினைத்துத்தான். ஆக, தமிழைக் கொடுத்து ஆங்கிலத்தை வாங்கிவிட்டோம் என்ற கணக்கும் அவ்வளவு நேராக வராது.

இப்படியே எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது, தமிழ் கெட்டுப்போகும் என்கிறார்கள். புரியாமல் போகலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துக்குப் பத்து 'லா' தூவினால் அது டிவி காமெடி ஆகிவிடும் என்பதும் சரி. ஆனால் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், எந்த இடத்தில் மாறுகிறார்கள் என்பதில்தான் நம் வீடுகளின் கதையே இருக்கிறது. வசனத்தை முழுக்கச் சலவை செய்துவிட்டால் அந்த இடம் வாசகர் கண்ணில் படவே படாது.

போன வருஷம் மருத்துவமனையில் டாக்டர் பயாப்ஸி பற்றி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டி தங்கச்சியைப் பார்த்தார். தாய்மொழிப் பாடத்தில் அவள் பி வாங்கினவள். பயாப்ஸிக்குத் தமிழ் தெரியாது. கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாப்பாங்க பாட்டி. வலிக்காது" என்றாள். என் பக்கம் திரும்பி, "கேன் ஐ ஸே வலிக்காது?" என்று கேட்டாள்.