நிழற்படமும் மெய்ப்பொருட் சிந்தனையும்

கமெரா தரும் படத்துக்குத் தமிழர் வழங்கிய பெயர்கள் மூன்று. புகைப்படம் என்றனர் சிலர். நிழற்படம் என்றனர் வேறு சிலர். ஒளிப்படம் என்பது பிறிதொரு வழக்கு. ஒரே பொருளைப் புகையென்றும் நிழலென்றும் ஒளியென்றும் கூற நேர்ந்தமை வெறும் சொற்குழப்பம் அன்று. கணத்தில் மறைவதைப் பற்றி நிற்றல், ஒரு பொருளைச் சார்ந்தே தோன்றுதல், அப்பொருளை விளக்கிக் காட்டுதல் என்னும் மூன்று இயல்புகளும் அப்படத்தின்கண் உள. இத்தகைய படமொன்றை நோக்கி ஒருவன் உலகைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் மெய்ப்பொருட் சிந்தனை கொள்ளல் கூடுமோ? கூடுமெனின், அச்சிந்தனை படத்திலிருந்து பிறந்ததா, படத்தின்மேல் ஏற்றப்பட்டதா என்பதை எவ்வாறு துணிவது? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் எனக்கு வகுப்பறையிலே எழுந்தவை. உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு படத்தைக் காட்டி, அது தூண்டும் சிந்தனைகளைக் கட்டுரையாக வரையுமாறு ஒருமுறை பணித்தேன். கடனீரேரிக் கரையிலே கவிழ்த்து வைக்கப்பட்ட ஒரு தோணி. அதன் நிழலிலே உறங்கும் ஒரு நாய். அப்பால் வற்றிக்கிடக்கும் சேற்றுநிலம். இவையே அப்படத்தில் இருந்தன. வாழ்க்கை ஒரு கடல், உடல் ஒரு தோணி, பிறவியைக் கடத்தல் வேண்டும் எனப் பெரும்பாலார் எழுதினர். ஒரு மாணவன் மட்டும், கடலுக்குப் போகாத தோணியும் நாய்க்கு நிழல் கொடுக்கிறது, ஆகவே ஒரு பொருளின் பயன் அதைச் செய்தவன் நினைத்ததோடு முடிவதில்லை என்று எழுதினான். அவனது உரைநடையிற் பிழைகள் மலிந்திருந்தன. நான் அவனுக்குக் குறைந்த புள்ளியிட்டு, முன்னையோருக்கு நிறைந்த புள்ளி இட்டேன். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த பின்னரே, வகுப்பில் அப்படத்தை உண்மையிற் பார்த்தவன் அவன் ஒருவனே என்பது எனக்குப் புலனாயிற்று.

முன்னையோர் எழுதியது பொய்யன்று. நம் சமய நூல்கள் பலகாலும் வற்புறுத்துவதே. ஆயின் அதனை எழுதுதற்கு அப்படம் வேண்டுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் எழுதலாம். அன்றியும், படத்திலுள்ள தோணி கவிழ்ந்து கிடந்தது. கடல் வற்றிக் கிடந்தது. கண்முன் கிடந்ததற்கு மாறானதை எழுதுகிறோம் என்பதை அவர்கள் உணர்ந்திலர். அவர்களை நொந்து பயன் இல்லை. சூரியன் மறையும் காட்சிக்குக் கீழ் ஒரு பொன்மொழியும், பூவின் படத்துக்குக் கீழ் ஓர் அறவுரையும் பொறித்து நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் வழங்கும் காலம் இது. பொன்மொழியை மாற்றினாலும் படம் முறையிடுவதில்லை. படத்தை மாற்றினாலும் பொன்மொழி முறையிடுவதில்லை. இத்தகைய இணைப்பைச் சிந்தனை என்று கூறல் பொருந்துமா?

இவ்விடத்து நம் அளவைநூல் நமக்குத் துணைசெய்யும். அறிவு பெறும் வாயில்களுட் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் சைவ சித்தாந்திகள் சிறப்பாகக் கொள்வர். கண்டதை அறிதல் காட்சி. கண்டதை ஏதுவாகக் கொண்டு காணாததைத் துணிதல் கருதல். மலையிற் புகையைக் கண்டு ஆங்கே நெருப்பு உண்டெனத் துணிதல் இதற்கு வழிவழி வந்த எடுத்துக்காட்டு. ஆன்றோர் வாக்கால் அறிதல் உரை. நிழற்படம் தருவது காட்சி. அதிலிருந்து பிறக்கும் சிந்தனை கருதலின்பாற் படும். ஆகவே அச்சிந்தனைக்குரிய ஏது படத்தினுள்ளே இருத்தல் வேண்டும். ஏது படத்திலின்றி நூலிலிருந்தோ செவிவழியாகவோ வந்ததாயின், அஃது உரை. படம் அதற்கு ஓர் அலங்காரம் மாத்திரையே. உரை இழிந்ததன்று. ஆயினும் உரையைக் கருதலெனக் காட்டுதல் தகாது. இவ்வளவுகோலைக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நிழற்படங்கள் சிலவற்றை நோக்குவாம்.

அமெரிக்கரான அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் என்பார் 1922ஆம் ஆண்டில், நியூயோர்க் மாநிலத்து ஜோர்ஜ் ஏரிப் பகுதியிலே மேகங்களைப் படம்பிடிக்கத் தொடங்கினார். அவருடைய படங்களின் ஆற்றல், எடுக்கப்பட்டவர்களை அவர் வசப்படுத்துவதனால் உண்டாவது என்று ஒருவர் எழுதியமை அதற்கு ஒரு காரணம். மேகங்களை எவரும் வசப்படுத்த முடியாது. அவை எல்லோர்க்கும் பொது. அவற்றுக்கு வரியும் இல்லை. பொருளின் அருமையாலன்றிப் பார்வையின் திறத்தாலேயே படம் சிறக்கும் என்பதை நிறுவுதற்கு அவர் மேகத்தைத் தேர்ந்தமை பொருத்தமுடையது. பின்னர் அம்மேகப் படங்களைத் தம் அகவனுபவத்துக்கு நிகரானவை என்னும் கருத்தில் ‘ஈக்குவலன்ற்ஸ்’ எனப் பெயரிட்டார்.

இக்கோட்பாட்டை முழுதும் ஏற்றல் அரிது. அப்படங்கள் பலவற்றில் அடிவானம் இல்லை. மரமோ மலையோ இல்லை. எது மேல், எது கீழ் என்பதும் தெளிவில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்; உரிப்பொருள் அவற்றைச் சார்ந்து விளங்கும். ஸ்ரீக்லிற்ஸ் முதற்பொருளை மறைத்து உரிப்பொருளை மட்டும் நிறுத்த முயன்றார். ஆகவே ஒருவர் துயரெனக் காணும் முகிலை மற்றொருவர் அமைதியெனக் காண்பதற்குத் தடையில்லை. படைத்தவரின் அனுபவம் இதுவே எனத் துணிதற்கு ஏது படத்தில் இல்லை. எனினும் எளிய பொருளும் ஆழ்ந்த நோக்குக்கு இடமாகும் என்னும் அவரது முதற்கருத்து நிலைபெற்றது. கோட்பாடு தளர்ந்தும் படங்கள் தளராமை கலையுலகிற் புதுமையன்று.

எட்வேட் வெஸ்ரன் இதற்கு மறுதலையானவர். 1930ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலே அவர் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றினுள் வைத்துப் படம்பிடித்தார். ‘மிளகாய், இலக்கம் 30’ என்பதே அதன் பெயர். அப்பெயரில் உவமையும் இல்லை, உபதேசமும் இல்லை. ஆயின் படத்தை நோக்குவோர்க்கு முறுகிய தசையும் வளைந்த முதுகும் தழுவிய இருவரும் மாறிமாறித் தோன்றுவர். இவ்வாறு உடலுறுப்பைக் காணல் வெஸ்ரனுக்கு அத்துணை உவப்பன்று. பொருளை அதுவாகவே காட்டல் அவர் கொள்கை.

நம் அளவைநூலார் காட்சியை ஆராயும்போது, பெயர், சாதி, குணம் முதலியவற்றோடு கூட்டி அறிவதனைச் சவிகற்பம் என்றும், அவ்வேறுபாடுகள் எழுமுன் பொருளின் உண்மை மாத்திரை தோன்றுவதை நிருவிகற்பம் என்றும் கூறுவர். சந்தையில் மிளகாயைக் காணும் நாம் விலையையும் கறியையும் நினைக்கின்றோம், மிளகாயைக் காண்பதில்லை. வெஸ்ரனின் படம் அப்பெயரைச் சற்றே தளர்த்தி, பெயர் எழுதற்கு முன்னிருந்த வியப்பை நினைவூட்டுகின்றது. இதனை நிருவிகற்பக் காட்சி என்றே கூறுதல் மிகையாகும். கமெரா அறிவதில்லை, அறிபவன் உயிரே. பெயரிடுதலில் நமக்குள்ள அவசரத்தை உணர்த்திற்று என்னும் அளவே கூறல் சாலும். இச்சிந்தனைக்கு ஏது படத்திலேயே உண்டு. படமெடுத்த பின்னர் அத்தகைய மிளகாய்களைத் தாம் உண்டதாக வெஸ்ரன் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பொருளை வியத்தலும் அதனால் வாழ்தலும் ஒருவர்க்கே கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மூன்றாவதாக, ஹென்றி கார்த்தியே பிறெசோன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1932ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து சென் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தே எடுத்த படத்தைக் கருதலாம். தேங்கிய நீரின்மேல் ஒருவன் பாய்கின்றான். அவன் குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. அவனது நிழலுரு நீரிலே தலைகீழாய்த் தெரிகின்றது. பின்னே மதிலில் ஒட்டிய விளம்பரத்தில் ஒரு நடன உருவம் அவனைப் போலவே பாய்கின்றது. மரவேலியின் இடுக்கு வழியே எடுத்த படம் இது. 1952இல் வெளியான அவரது நூலின் ஆங்கிலப் பெயர் ‘தீர்மானமான கணம்’ எனப் பொருள்படும். பிரெஞ்சுப் பெயரோ ‘அவசரத்தில் ஒளித்தெடுத்த படங்கள்’ என்னும் பொருளைத் தழுவியது. உலகம் முன்னதையே பற்றிக்கொண்டது. கணத்தைப் பிடி, கணமே வாழ்வு என்னும் பொன்மொழிகள் அதன்வழிப் பெருகின.

ஆயின் படம் கூறுவது யாது? பாய்பவனுக்கு அக்கணம் தீர்மானமானதன்று. அவன் நனையாது கடக்க விரும்பிய வழிப்போக்கன். விளம்பரத்து நடனத்தை அவன் காணவில்லை. அவனுடைய செயலின் அழகு அவனுக்குத் தெரியாதவாறு பிறர்க்குத் தெரிகின்றது. அடுத்த கணம் அவன் நனைவான் என்பதையும் நாம் அறிவோம். அவனோ படத்தில் என்றும் நனையான். வாழ்பவனுக்கும் நோக்குபவனுக்கும் காலம் ஒன்றன்று என்பதே இப்படத்திலிருந்து நியாயமாகப் பெறத்தக்க கருத்து. அது கணத்தைப் போற்றும் பொன்மொழியினும் அடக்கமானது, ஆகவே உறுதியானது.

நம் நாட்டிலும் இத்துறைக்கு ஒரு முன்னோர் உண்டு. லயனல் வென்ற் 1900ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தவர். சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். 1934இல் வெளியான ‘இலங்கைப் பாடல்’ என்னும் பொருள்படும் ஆங்கில விவரணப் படத்துக்குக் குரல் கொடுத்தவர். 1943இல் தோன்றிய 43 குழு என்னும் ஓவியர் கூட்டத்துக்கு உறுதுணையாக நின்றவர். 1944இல் அவர் மறைந்தார். 1950இல் அவருடைய படத்தொகுதி இலண்டனில் வெளிவந்தது. மரமும் நீரும், மீனவரும் கிராமத்தவரும், இடிந்த சிற்பங்களும் அவர் படங்களிற் பெருஞ்சிறப்புடன் விளங்குகின்றன. உழைப்பவன் தோளின்மேல் ஒளி விழும் முறையை அவரைப் போற் கண்டார் சிலரே. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். அவ்வொளியின் பேரழகு, உழைப்பின் களைப்பைச் சில இடங்களில் மறைத்துவிடுகின்றது. கிராமத்தான் அங்கே சிற்பமாகின்றான், சிற்பத்துக்குப் பசியில்லை. அழகிலிருந்து அமைதியைக் கருதுதற்கு ஏது உண்டு. அவ்வமைதி அவனுடையது எனத் துணிதற்கு ஏது இல்லை. நோக்குவோனின் அமைதியை நோக்கப்படுவோன்மேல் ஏற்றுதல் அன்றாட வாழ்வைப் பற்றிய படங்களில் நேரும் பெரும்பிழையாகும்.

இதுகாறும் பெரியோர் படங்களைக் கூறினேன். எங்கள் வீட்டில் உள்ள ஒரு படத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் பொருந்தும். புதிதாகக் கட்டிய வீட்டின் முகப்பைப் பிடிக்க எண்ணி என் சிறிய தந்தையார் எடுத்த படம் அது. ஓரத்திலே கிணற்றடியில் அம்மம்மா தற்செயலாக அகப்பட்டுள்ளார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு ஒரே பையில் அது எங்களுடன் வந்தது. திரும்பிச் சென்றபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, அம்மம்மா அதற்குள் வேற்றூரிற் காலமாகிவிட்டார். எடுத்தவர் காட்ட விரும்பிய முகப்பை இன்று எவரும் நோக்குவதில்லை. எல்லோர் கண்ணும் ஓரத்துக்கே செல்லும்.

அம்மம்மா கப்பிக் கயிற்றைப் பற்றியபடி சற்றே பின்னே சாய்ந்து நிற்கின்றார். கயிறு விறைத்து நிற்கின்றது. வாளி தெரியவில்லை; அது கிணற்றுக்கட்டின் கீழே உள்ளது. ஆயினும் விறைத்த கயிறும் சாய்ந்த உடலும், வாளியில் நீர் நிறைந்துள்ளது என்பதை ஐயமின்றி அறிவிக்கின்றன. பல ஆண்டுகள் அப்படத்தைப் பார்த்து நிலையாமையையே நினைந்தேன். நிலையாமை மெய்யே, ஆயினும் அதனை நான் படத்துக்குக் கொண்டுசென்றேன். படம் எனக்குத் தந்தது வேறு. தூர்ந்த கிணற்றில் ஒரு காலத்தில் நீர் இருந்தது, அதை ஒருவர் தம் உடல் வலியால் மேலே கொணர்ந்தார், நாங்கள் குடித்தோம். பிரெஞ்சு அறிஞர் றொலான் பார்த் 1980இல் வெளியிட்ட நூலில், தம் அன்னையின் சிறுபருவப் படமொன்றைக் கொண்டு நிழற்படத்தின் சாரத்தை ஆராய்ந்தார். அப்படத்தை மட்டும் நூலில் அச்சிடாது விட்டார். பொருள் முன்னொருகால் மெய்யாக இருந்தது என்பதே நிழற்படத்தின் உறுதிமொழி என்பது அவர் முடிபு. அதனை ஒப்புதற்கு எனக்கு ஒரு கயிறு போதும்.

இன்று கணினி தானே புனைந்து தரும் படங்கள் பெருகிவிட்டன. அவற்றில் கிணறும் முதாட்டியும் விறைத்த கயிறும் எல்லாம் குறைவின்றி அமையலாம். ஆயின் எந்த நிலத்திலும் எந்தப் பொழுதிலும் அவை நிகழ்ந்தனவல்ல. பனியைப் புகையென மயங்கி நெருப்பைத் துணிதல் போலி ஏது என்பர் நம் தருக்க நூலார். அப்படங்கள் அழகியனவாகலாம், ஓவியம் என்ற முறையிற் கற்பனைக்கு விருந்தாகலாம். அவற்றிலிருந்து இவ்வாறு இருந்தது என்று துணிதல் மட்டும் கூடாது. நாட்காட்டிப் பொன்மொழி படத்தைப் பாராமல் எழுதிய உரை. கணினிப் படம் பொருளைப் பாராமல் எழுந்த காட்சி. இரண்டும் ஒன்றையொன்று விரும்பி நாடுதல் இயல்பே.

ஆகவே, தொடக்கத்திற் கூறிய மூன்று பெயர்களுட் புகைப்படம் என்பதே எனக்கு இப்பொழுது மிக்க பொருத்தமாகத் தோன்றுகின்றது. புகை நெருப்பன்று. எனினும் நெருப்பின்றிப் புகையில்லை. புகையை நன்கு நோக்கியவனே நெருப்பைத் துணியத் தகுதியுடையான். மாணவர்கள் ஒரு படத்தைப் பார்த்துச் சிந்திக்கப் புகும்போது, தாம் எழுதிய கருத்துக்கு ஏது படத்தின் எந்த மூலையில் உள்ளது என்று தம்மையே வினாவுவாராக. விரலால் தொட்டுக் காட்ட முடியுமெனின் அது சிந்தனை. முடியாதெனின், நல்லதாயினும் பிறர் உரை. ஆசிரியராகிய நாமும் புள்ளியிடும்போது அதே வினாவை வினாவுதல் கடன். தோணியின் நிழலைக் கண்ட மாணவனுக்கு அன்று நான் செய்யத் தவறியது அதுவே. அவன் இன்று கல்லூரியை விட்டு நீங்கிவிட்டான். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அவனது விடைத்தாளுக்கு உரிய புள்ளியை இங்கே இட்டதாகக் கொள்வானாக.