திருப்பும் வேலை போச்சு

ஆர்மர்டு கோர் என்ற ரோபோ வீடியோ ஆட்டத்தின் பழைய ரசிகர் ஒருவரைச் சீண்ட வேண்டுமானால், ஆறாம் பாகம் ‘கைக்கு லகுவாக இருக்கிறது’ என்று அவர் காதுபடச் சொன்னால் போதும். அந்த லகுதான் அவருக்கு ஆகாது.

2013-இல் ‘வெர்டிக்ட் டே’ வந்ததோடு படுத்துவிட்ட தொடர் இது. பத்து வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 25 அன்று ‘ஆர்மர்டு கோர் 6: ஃபயர்ஸ் ஆஃப் ரூபிகான்’ என்ற பெயரில் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் அதை எழுப்பிவிட்டது. படத்தின் துல்லியம், பிரேம் கணக்கு, எந்த கன்சோலில் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் எழுதித் தேய்ந்த சங்கதிகள். ரே டிரேசிங் என்று விளம்பரத்தில் வந்தது, ரோபோவை நிறுத்திவைக்கும் கராஜுக்குள் மட்டும்தான் வேலை செய்கிறது என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆட்டத்தை வாரக்கணக்கில் ஆடிப் பார்த்தவர்களிடம் மிஞ்சுகிற தகராறு ஒன்றே ஒன்று: ரோபோ திரும்புவது எப்படி?

1997-இல் முதல் பிளேஸ்டேஷனில் வந்த முதல் பாகத்தில், திரும்புவதே பாதி ஆட்டம். அனலாக் குச்சியை நம்பி எழுதிய ஆட்டம் இல்லை அது. திசைப் பொத்தானில் முன்னும் பின்னும் போகலாம், இடமும் வலமும் உடம்பைத் திருப்பலாம். பக்கவாட்டில் நகரத் தோள் பொத்தான் இரண்டு, மேலே கீழே பார்க்க இன்னும் இரண்டு. மேலே பறக்கிற எதிரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து சுட வேண்டுமென்றால் விரல்களை நண்டுக் கொடுக்கு மாதிரி மடக்கிப் பிடிக்க வேண்டும். பூட்டும் கால் பாகத்தைப் பொறுத்துத் திரும்பும் வேகம் மாறும். கனமான கால் பூட்டினால் கவசம் கூடும், திரும்புவது தாமதமாகும். திருவாரூர் ஆழித்தேரை வீதி முக்கில் இரும்புத் தகட்டில் மசகு பூசித் திருப்புவார்களே, கனத்த டாங்க் கால் பூட்டிய ரோபோவைத் திருப்புவதும் அந்த லட்சணம்தான். எதிரி சின்னக் காலோடு வந்து முதுகுப்பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால், அவனைக் கண்ணில் காணாமலே செத்துப்போகலாம்.

இதைக் குறை என்று பழைய ரசிகர்கள் சொல்லவில்லை. ‘மேக்ராஸ்’ புகழ் ஷோஜி கவமோரி வரைந்த அந்த இயந்திரங்கள் ஏறக்குறைய பத்து மீட்டர் உயரம். பத்து மீட்டர் இரும்பு மெதுவாகத்தானே திரும்பும்? ஓட்டுகிறவன் முன்கூட்டியே யோசித்து உடம்பைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த யோசனைக்குத்தான் ரசிகன் காசு கொடுத்தான்.

ஆறாம் பாகத்தில் அந்தத் தாமதமே இல்லை. கால் எதுவானாலும் கேமரா பார்க்கும் பக்கம் ரோபோ பார்க்கும். அதற்கு மேலே ‘டார்கெட் அசிஸ்ட்’ என்று ஒன்று: வலது குச்சியை ஒருமுறை அமுக்கினால் கேமரா எதிரிமேல் ஒட்டிக்கொள்கிறது. அவன் பறந்தாலும் பாய்ந்தாலும் பார்வை அவன் பின்னாலேயே போகும்.

காரைக்கால் கோவில்பத்தில் ஒரு வீட்டு மாடியில் இந்தத் தகராறு சில வாரங்களாக நடக்கிறது. நாற்பதைத் தாண்டிய மாமா, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுப்போன பிளேஸ்டேஷனில் கை பழகியவர். பிஎஸ்2 காலத்து ‘லாஸ்ட் ரேவன்’ பாகம் வரை விடாமல் ஆடியவர். அக்கா மகன் அதே நிறுவனத்தின் ‘எல்டன் ரிங்’ வழியாக வந்தவன். முதல் அத்தியாயத்தின் கடைசியில் வரும் பால்டியஸ் என்ற அசுரனிடம் மாமா தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

“குச்சிய அமுக்கிவுடுங்க மாமா, அதுவே திரும்பிக்கும்.”

“அதுவே திரும்பிக்கும்னா நான் எதுக்குடா மாப்ள குந்தியிருக்கேன்?”

பால்டியஸ் சண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரியும். அது ஒரே மூச்சில் ஏவுகணைக் கொத்தை விசிறிவிட்டு, தலைக்கு மேலே தாண்டிப் பின்னால் போகிறது. டார்கெட் அசிஸ்ட் போட்டிருந்தால் கேமரா தானாக அண்ணாந்து சுழன்று அதைப் பிடிக்கும். விரல்கள் சட்டென்று பாயும் ‘குவிக் பூஸ்ட்’ அடித்து ஏவுகணைக்குத் தப்பிப்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். மாமாவின் விரலோ பழைய புத்தியில் வலது குச்சியைத் தள்ளிவிடுகிறது. தள்ளியதும் அசிஸ்ட் கழன்றுகொள்கிறது. திரையில் வெறும் வானம், முதுகில் அடி. உதவியை அணைத்துவிட்டுக் கையாலேயே குறிவைக்கலாம். ஆனால் இந்த வேகத்துக்குக் கட்டைவிரல் ஈடுகொடுப்பது பெரும்பாடு. பழைய பாகங்களில் எதிரியும் இப்படிப் பறக்கவில்லை.

உதவியைப் பொத்தானாக வைத்துவிட்டு, அது இல்லாமல் ஆடுவது வீம்பு என்று தோன்றும்படி எதிரிகளை வடிவமைத்ததுதான் பழையவர்களின் பெரிய எரிச்சல். இரண்டாவது எரிச்சல் ‘ஸ்டேகர்’. அடி விழ விழ ஒரு பட்டை நிரம்பும். நிரம்பியதும் ரோபோ சில நொடி ஸ்தம்பித்து நிற்கும். அப்போது விழும் அடிக்குச் சேதம் அதிகம். இயக்குநர் மசாரு யமமுரா அதற்கு முன் அதே நிறுவனத்தின் ‘செகிரோ’ ஆட்டத்துக்குத் தலைமை வடிவமைப்பாளர் என்பதைப் பழையவர்கள் சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை. ‘டார்க் சோல்ஸ்’ வகைக்குத் தொடரை இழுத்துச் செல்லும் எண்ணம் இல்லை என்று நிறுவனத் தலைவர் ஹிடெட்டகா மியாசாகி 2022-இலேயே பேட்டியில் சொல்லியிருந்தார். பட்டையைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் எடுபடவில்லை. 2023 செப்டம்பரில் வந்த 1.02 திருத்தம் பால்டியஸைக் கொஞ்சம் தணித்து, ரைபிள்களுக்குப் பலம் கூட்டியது. திரும்பும் விஷயத்தைத் தொடவில்லை.

இந்த நியாயம் பேசுகிறவர்கள் வசதியாக மறந்துபோவது ஒன்று உண்டு: இந்தத் தொடரில் நடையை மாற்றுவது புதிதில்லை. 2004-இல் ‘நெக்ஸஸ்’ இரண்டு அனலாக் குச்சிகளையும் கொண்டுவந்தபோது, பொத்தானில் கை தேர்ந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 2006-இல் நான்காம் பாகம் வந்தது. இயக்கியவர் அதே மியாசாகி. அதில்தான் நொடியில் பாயும் குவிக் பூஸ்ட்டும், சட்டென்று உடம்பைச் சுழற்றும் குவிக் டர்னும் அறிமுகம். 2008-இன் ‘ஃபார் ஆன்ஸர்’ பாகத்தில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே பறக்கலாம். இது ரோபோவா ராக்கெட்டா என்று அப்போதும் கேட்டார்கள். 2012-இல் ஐந்தாம் பாகம் நேர் எதிராகப் போனது: ரோபோ பாதி உயரம், பறக்க முடியாது, கட்டடச் சுவரை உதைத்து உதைத்து மேலே ஏற வேண்டும். வேகத்துக்குப் பழகியவர்கள் விட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாகமும் முந்தின பாகத்து ரசிகனைக் கழற்றிவிட்டுத்தான் புதியவனைச் சேர்த்திருக்கிறது.

மருமகன் பக்கத்தில் இன்னொரு வலுவான வாதமும் இருக்கிறது. கனம் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பூஸ்டர் பாகத்தின் விவரப் பட்டியலில் குவிக் பூஸ்ட்டுக்கு ஏற்ற எடை என்று ஒரு எண் வருகிறது. தோளில் பெரிய பீரங்கி ஏற்றி அந்த எடையைத் தாண்டினால், அடுத்த பாய்ச்சலுக்குக் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. குறிவைக்கும் வேலை எஃப்சிஎஸ் பாகத்துக்குப் போயிருக்கிறது: 130 மீட்டருக்குள் ஒரு திறன், 260 வரை ஒன்று, அதற்கு அப்பால் ஒன்று. நெருங்கிச் சுடுகிறவன் தூரத்துக்கான எஃப்சிஎஸ் பூட்டினால் துப்பாக்கி எதிரியைத் தொடாது. அதாவது, கட்டைவிரல் செய்த வேலையைக் கராஜில் உட்கார்ந்து செய்ய வேண்டும். அதற்குத் தோதாக ஒரு தாராளமும் உண்டு: வாங்கிய பாகத்தை விற்றால் முழுக் காசும் திரும்பக் கிடைக்கும். தோற்றால் எல்லாவற்றையும் விற்றுப்போட்டு வேறு ரோபோ கட்டலாம். முதல் பாகத்தில் கடன் ஏறினால் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பை அறுத்துச் சோதனை செய்த நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது தர்மச் சத்திரம்.

மாமா பால்டியஸை ஜெயித்ததும் அந்தச் சத்திரத்தின் புண்ணியத்தில்தான். கையிலிருந்ததை விற்று டாங்க் கால் வாங்கிப் பூட்டினார். அதே கால்தான், பழைய பாகங்களில் திரும்ப முடியாமல் அவரை அழவைத்தது. இப்போது அது சறுக்கிக்கொண்டே வளைகிறது, பார்க்கிற பக்கமெல்லாம் சுடுகிறது. “இது டாங்க் இல்லடா, சறுக்கு மரம்” என்றார். மறுநாளும் அதையே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வருகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இந்த வேகத்தில் இவ்வளவு தெளிவான சண்டை வேறு ரோபோ ஆட்டத்தில் அகப்படுவது அரிது. பிஎஸ்2 காலத்தவர்கள் நாலு கால் வகையையோ பின்னோக்கி மடங்கும் கால் வகையையோ எடுத்துக்கொண்டு, சாதாரணப் பணிகளில் அசிஸ்ட்டை அணைத்து ஆடிப் பார்க்கலாம். பழைய ருசி கொஞ்சம் ஒட்டும். பெரிய எதிரி வரும்போது மானம் பார்க்காமல் குச்சியை அமுக்கிவிடுவது நல்லது.

யார் கட்சி சரி என்று மாமாவும் மருமகனும் மோதித் தீர்த்துக்கொள்ள மட்டும் வழியில்லை. முதல் பாகத்திலேயே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடலாம். இரண்டு கன்சோலும் இரண்டு டிவியும் இருந்தால் கேபிள் போட்டும் இணைக்கலாம். ஆறாம் பாகத்தில் மூவருக்கு மூவர் சண்டை இருக்கிறது, 2023 டிசம்பரில் தரவரிசைப் போட்டியும் வந்துவிட்டது; எல்லாமே இணையத்தில்தான். ஒரே மாடியில் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் இருவர் மோத வேண்டுமென்றால் இரண்டு கன்சோல், இரண்டு டிவி, இரண்டு பிரதி ஆட்டம் வேண்டும். இரண்டாவது பிரதிக்கு யார் காசு கொடுப்பது என்பதில் இப்போது புதுத் தகராறு.